ஓடிப்போனவள் மலை

கேம்பல் பே,
24-3-1974

பரமக்குடி பன்னீர்செல்வம் அண்ணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்லத்தின் பக்கத்து வீட்டுக்காரி ஜெயமணி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. இந்தத் தீவுக்குக் குடியேறி வந்த பிறகு அவள் உங்களுக்குப் போட்ட இரண்டு கடிதங்களையும் எழுதிக் கொடுத்தது நான்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்லம் யாருடனும் ஓடிப்போகவில்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மலையில் மண் சரிந்து செத்துப்போயிருக்கிறாள். போன மாதம் எலும்புதான் கிடைத்தது.

அந்த மலை பெரிய உயரம் இல்லை. ஆனாலும் உச்சி தெரிகிற நாள் குறைவு, எப்போதும் மேகம். மாசியிலிருந்து சித்திரை வரை மழை கொஞ்சம் விடும். மற்ற மாதமெல்லாம் கொட்டும். பாறை குறைவு, முழுக்கக் களிமண். நின்ற மரம் நின்றபடியே வழுக்கி இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லை, ரோடு இல்லை, படகு கூட வராது. ஓடிப்போகிறவள் அங்கே எதற்கு ஏறுவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1971 கார்த்திகையில், கூரை கட்டப் பிரம்பு வெட்டி வரச் சொல்லி அவள் புருஷன் குருநாதன் அனுப்பினார். பட்டாளத்தில் இருந்தபோது அவருக்குக் கொடுத்த மெஸ் டின்னில் சோறு எடுத்துக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போனாள். மத்தியானம் மலையில் பெரிய சத்தம் கேட்டது. சாயங்காலம் நான் அவரிடம் போய், அவள் இன்னும் இறங்கவில்லை என்றேன். மழை விடட்டும் என்றார். மூன்று நாள் மழை விடவில்லை. அவரும் ரம் பாட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் ரோடு வேலைக்காரன் ஒருவன் கப்பலேறி ஊருக்குப் போனான். அவனோடு போய்விட்டாள் என்று குருநாதன் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அதிலிருந்து அந்த மலைக்கு ஓடிப்போனவள் மலை என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அண்ணா, நானும் சொல்லியிருக்கிறேன். விறகுக்கு எங்கே போகிறாய் என்று கேட்டால் என் வாயிலும் அதுதான் வந்தது. அவள் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மாசியில் மேப் போட சர்வே பார்ட்டி வந்தது. மலையின் பெயரை ஆபீசர் கேட்டார். ஆண்கள் இளித்துக்கொண்டே சொன்னார்கள், அர்த்தத்தையும் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் அவருடைய ஆட்கள் காடு வெட்டும்போது சரிந்த மண்ணுக்குள் எலும்பும், இரண்டு மெட்டியும், அந்த டின்னும் கிடைத்தன. டின்னில் குருநாதனின் பட்டாள நம்பர் அடித்திருந்தது. அவர் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுறப்ப இதையும் திருடிக்கிட்டுப் போயிருக்கா," என்றார்.

விசாரணை முடிந்ததும் டின்னை வாங்கிக்கொண்டு போனார். இப்போது அவர் வீட்டில் அதில் உப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது பாவம்.

நான் சர்வே கேம்புக்குப் போய், தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த பெங்காலி ஆபீசர் நோட்டைப் புரட்டி அந்தப் பெயரைப் பார்த்தார். பிறகு, "லோக் ஜோ போல்தா ஹை, ஹம் வோஹி லிக்தா ஹை," என்றார். ஜனங்கள் சொல்வதைத்தானே எழுதுகிறோம் என்று அர்த்தம். அப்படியானால் செல்லம் மலை என்று எழுதுங்கள் என்றேன். அதற்கு ஊரார் கையெழுத்து வேண்டுமாம். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு அன்னம்மாள் அக்கா மட்டும் கைநாட்டு வைத்தாள். என் வீட்டுக்காரரே பேனாவைத் தொடவில்லை. அவருக்கு அன்று நான் சோறு போடவில்லை. கடைசியில் ஆபீசர் அந்தப் பெயரை அடித்துவிட்டு உயரத்தை மட்டும் எழுதிக்கொண்டார். மேப்பில் இனி அதற்குப் பெயர் இல்லை. ஊர் வாயில் பழைய பெயரே ஓடுகிறது.

செல்லம் ஓடிப்போய்விட்டாள் என்று குருநாதன் அப்போது உங்களுக்குப் போட்ட தந்திக்கு, எங்களுக்கு அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். அதை அவர் கடைத்தெருவில் படித்துக் காட்டினார். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் மறக்கவில்லை.

எலும்பை அன்னம்மாள் அக்காவும் நானும் மலையடிவாரத்தில் புதைத்தோம். செய்ய வேண்டியதைச் செய்ய உரிமைக்காரர் யாரும் இல்லை. வைகாசியில் மழை பிடித்தால் அங்கே கால் வைக்க முடியாது. அதற்குள் கப்பல் பிடித்து வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். அம்மா உயிரோடு இருந்தால் அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து, அந்த மண்ணருகில் நின்று, ஊர் கேட்கிற மாதிரி அவளைத் தங்கச்சி என்று ஒரு தடவை கூப்பிடுங்கள் அண்ணா.

இப்படிக்கு,
ஜெயமணி