மாவில் எவ்வளவு தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பாலக்கரையில் எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. கல்லூரிக்கு லேட்.

ஹாஸ்டல் கிரைண்டர் மோட்டார் புகைந்து மூன்று வாரம். அதிலிருந்து கடை மாவு. அந்த இட்லிக்குப் பிள்ளைகள் ‘மலைக்கோட்டை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுற்று, அதாவது காயில், கட்ட 3,200 ரூபாய் வேண்டும். நிர்வாகம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறது. சனிக்கிழமை உணவுத் திருவிழா நடத்தித் தேற்றிவிடலாம் என்று முடிவு. பொறுப்பு இரண்டு பேர்: காமர்ஸிலிருந்து நான், எகனாமிக்ஸிலிருந்து வைதேகி மேடம். ஸ்ரீரங்கத்துக்காரர். இனி வை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் பட்ஜெட் பேச்சு. துண்டு விழுந்தால் அரசாங்கம் நோட்டு அடித்துக்கொள்ள வேண்டியதுதானே, நாலு பாலமாவது வரும் என்றேன். வை. டிபன் பாக்ஸை மூடினார்.

“மாவுல தண்ணி ஊத்தினா இட்லி எண்ணிக்கை கூடும் பர்வீன். பசி அடங்காது.”

“மாவு கெட்டியா இருந்தா ஊத்தித்தானே மேடம் ஆகணும்?”

பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். இன்று மாவடு இல்லை. வழக்கமாக இரண்டு தருவார்.

பிப்ரவரி 6, வெள்ளி

தொண்டை கட்டியிருக்கிறது. செய்ய வேண்டியவை: பந்தல், பேப்பர் தட்டு, குப்பைக் கூடை, மைக் (போன தடவை போல் கூவக் கூடாது).

ஏற்பாடு இதுதான். வாசலில் பணம் கொடுத்து டோக்கன் வாங்கணும், ஒன்று பத்து ரூபாய். ஸ்டாலில் டோக்கன் மட்டுமே செல்லும். சாயங்காலம் ஸ்டால் பிள்ளைகள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். அதில் நாலில் ஒரு பங்கு கிரைண்டருக்குப் பிடித்தம்.

வீட்டில் அவர் சொன்னது: “பேசாம நம்ம கடையில கேட்டா மூவாயிரம் தர மாட்டேனா?” முன்னாலேயே சொல்லக் கூடாதா. இனி ரோஷம் விடாது.

பிப்ரவரி 7, சனி. திருவிழா

சுள்ளென்று வெயில். பதினோரு மணிக்கு ஸ்டாலில் ஈ ஆடவில்லை. எல்லாரும் பர்ஸை மூடிக்கொண்டு மத்தியானப் பிரியாணிக்குக் காத்திருக்கிறார்கள். பொன்னி சாமைப் பாயசத்தைக் கிளறிக்கொண்டே நிற்கிறாள். (பச்சைமலைப் பிள்ளை, செகண்ட் இயர், ஹாஸ்டல்.) எட்டு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறாளாம், பிரியாணிக்கு. அவள் சொந்தக் காசு.

இதற்கு நடுவில், பந்தல் வேலை செய்த நாற்பது பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் காசு தருவதாகச் சொன்ன நிர்வாகம் கையை விரித்துவிட்டது. வை. டீ குடிக்கப் போயிருந்தார். ஜெராக்ஸ் ரூமுக்குப் போனேன். இருநூறு டோக்கன் கூடுதலாக அடித்து ஆளுக்கு ஐந்து கொடுத்துவிட்டேன். ஈடாக ஒரு பைசாகூட வாங்காத டோக்கன். பிஸ்மில்லாஹ்.

அரை மணியில் மைதானம் களைகட்டியது. பந்தல் பிள்ளைகள் பாயசம் குடித்தார்கள். பாயசக்காரிகள் பஜ்ஜி வாங்கினார்கள். பஜ்ஜிக்காரிகள் வளையல் ஸ்டாலில். ஒரு விலையும் ஏறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வை. திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னேன். “இரு, இன்னும் மத்தியானம் வரலை” என்றார்.

மத்தியானம் வந்தது. எல்லா டோக்கனும் பிரியாணிக்குத் திரும்பியது. அண்டா ஒன்றுதான். எட்டு டோக்கன் தட்டு பத்தாச்சு, பிறகு பன்னிரண்டு. அதற்கும் தள்ளுமுள்ளு. பொன்னி பாயசத்தை விற்று முடித்துவிட்டு வந்தபோது கையில் அதே எட்டு. பாயசக் காசு நாலு பேருக்குப் பொது, அதில் அவள் கை வைக்கவில்லை.

“பரவாயில்ல மேம். சுண்டல் சாப்பிட்டுக்கிறேன்.”

வை. என் காதோரம்: “டோக்கன் அடிச்சே, சரி. அரிசியும் அடிச்சியா?”

சாயங்காலம் கணக்கு. பெட்டியில் 19,000. திரும்பி வந்த டோக்கன் 20,800-க்கு. துண்டு 1,800. கிரைண்டரும் போச்சு, கைக்காசும் போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வை. நிதானமாக மாவடு டப்பாவைத் திறந்தார்.

“நாலுல ஒரு பங்கு பிடிக்கணுமே, அதை மறந்துட்டியா? வரின்னு ஒண்ணு இருக்கோல்லியோ.”

காமர்ஸ் படித்து என்ன பிரயோஜனம். 5,200 பிடித்தம் போக எல்லாருக்கும் கொடுத்தது 15,600. மீதி 3,400. அல்ஹம்துலில்லாஹ். இரண்டு மாவடு தின்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மீன் விலை கேட்டுவிட்டுக் கத்திரிக்காய் வாங்கி வந்தேன்.

நேற்றைய சந்தோஷத்தில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. சும்மா கிடந்த பாயசத்துக்கு என் டோக்கன் நல்லதுதான் செய்தது. இதை வை.யையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன், போனில், அரை மணி நேரம். ஆனால் பிரியாணி தீர்ந்த பிறகு? வெறும் பணவீக்கம்தான். நான் இனாமாகக் கொடுத்தது நாற்பது பேருக்கு. அதற்கு விலை கொடுத்தவள் காசு கொடுத்து வாங்கிய ஒருத்தி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த தடவையும் டோக்கன் அடிப்பேன். அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு அடிப்பேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பனி இல்லை. மோட்டார் நேற்றே வந்துவிட்டது. இரவே அரைத்து வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் காலை டிபனுக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். தட்டுத் தூக்கியதும் ஆவி. பஞ்சு மாதிரி உப்பியிருந்தது. வை. விரலால் அழுத்திப் பார்த்து, “இந்த வீக்கம் நன்னா இருக்கு” என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது இதுவே முதல் தடவை.

கரண்டியைப் பிடுங்கி நானே பரிமாறினேன். வரிசையில் கடைசியாகப் பொன்னி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“மேம், கடைசியா வர்றவங்களுக்கும் அதே விலைதானே?”

பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். மாவு இருந்தது. அவள் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.