ஒதுங்க வைத்த வீடு

மதினி,

இன்று காலையில் கத்தரிக்கோல் தேடாமலே கிடைத்துவிட்டது. கையை நீட்டினேன், ஆணியில் தொங்கியது. வெட்ட வேண்டிய தாளை வெட்டினேன், திரும்ப அதே ஆணியில் மாட்டினேன், வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கத்தரிக்கோல் கிடைத்ததற்காக அழுகிற பொம்பளை வெம்பக்கோட்டை வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் இருந்தவரை கத்தரிக்கோல் என்றால் இந்த வீட்டில் தேடுகிற பொருள். மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், கோலப்பொடிக் கிண்ணத்தில் இருக்கும், ஒரு தடவை ஊறுகாய் ஜாடிக்குள் நின்றுகொண்டிருந்தது. அதைத் தேடப் போனால் போன மாதம் தேடிய ரேசன் கார்டு கிடைக்கும். வந்த வேலையை மறந்துவிட்டுக் கார்டு கிடைத்ததற்குச் சந்தோசப்படுவோம். "இன்னைக்கு கார்டு கெடச்சிருச்சு. கத்தரிக்கோல் நாளைக்குக் கெடைக்கும், விடு புள்ள" என்பீர்கள். சொன்ன மாதிரியே கிடைக்கும், நாம் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது.

நீங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகினீர்கள். நான் வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அந்தப் பட்டாசுப் பெட்டிகளின் மேலே ஒட்டுகிற லேபிளுக்குப் படம் போட்டேன். அண்ணன் லோடு வண்டி ஓட்டினார். "உள்ள உள்ளது என் வேலை, மேல உள்ளது ஒன் வேலை, ரெண்டையும் ஏத்திக்கிட்டுப் போறது ஒங்கண்ணன் வேலை. நம்ம வீடே ஒரு கம்பெனிதான் புள்ள" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். கம்பெனிதான், ஆனால் அதில் சாமான் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். வண்டிச் சாவிக்கு ஓர் ஆணி, சட்டைக்கு ஓர் ஆணி. இந்த வீட்டில் ஒழுங்கு என்று இருந்ததே அந்த இரண்டு ஆணிகள்தான்.

வீட்டை ஒதுங்க வைத்து ஒழுங்காக்க நாம் முயலாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஏ புள்ள, இன்னைக்கு ஒரு கை பாத்துருவோம்" என்று பீரோவைத் திறந்தீர்கள். நானும் கொண்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேல்தட்டு காலியாகும்வரை வேலை நன்றாகத்தான் நடந்தது. அடுத்த தட்டில், இப்போது கோவில்பட்டியில் குடித்தனம் செய்கிற உங்கள் மகளின் சின்ன வயசு கவுன் ஒன்று கையில் அகப்பட்டது. அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு அவள் பொங்கல் பானைக்குள் விழப் பார்த்த கதை, அதற்காக என் அம்மா உங்களைத் திட்டிய கதை, திட்டிவிட்டு அவளே உங்களுக்கு முதல் கரண்டிப் பொங்கலை வைத்த கதை. கதை முடியும்போது பீரோவில் இருந்தது பூராவும் தரையில் கிடந்தது, அடுப்பு பற்றவைக்கவே இல்லை, அண்ணன் சாப்பாட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"என்னத்தா, கள்ளன் புகுந்துட்டானா?"

"கள்ளன் வந்தா எடுத்துக்கிட்டுல்ல போவான்? நாங்க எடுத்து வைக்கோம்" என்றீர்கள்.

"வச்ச மாதிரி தெரியலயே."

"வைப்போம், பொறுங்க. மொதல்ல வெளிய எடுத்தாத்தான உள்ள வைக்க முடியும்?"

அவர் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார். துணிகளுக்கு நடுவில் ஓர் இடம் ஒதுக்கி மூன்று பேரும் சாப்பிட்டோம். பொழுது சாயும்போது எல்லாவற்றையும் அள்ளி உள்ளே திணித்தோம். நீங்கள் முழங்காலால் கதவை அழுத்திப் பிடிக்க, நான் சாவியைத் திருப்பினேன்.

எனக்கு அப்போதெல்லாம் ஒரு பயம் உண்டு, மதினி. இப்படி எதையும் எடுத்த இடத்தில் வைக்காத மனுசி, வெடிமருந்தும் திரியுமாக இருக்கிற இடத்தில் எப்படி வேலை பார்க்கிறாள் என்று. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் ஊரே முதலில் திசை பார்க்கும். கிழக்கே என்றால் போட்டது போட்டபடி எழுந்துவிடுவேன். உங்கள் கம்பெனி கிழக்கே. உள்ளே செல்போன் கொண்டுபோக விட மாட்டார்கள், கூப்பிடவும் முடியாது. கம்பெனி வேன் வருகிற கறிக்கடை முக்கில் போய் நிற்பேன். வேனிலிருந்து இறங்கி, "என்ன புள்ள, கறி எடுக்க வந்தியா?" என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அப்படி ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "வீட்டுலயே தீப்பெட்டி எங்கன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியல. அங்கன எப்படி மதினி வேலை பாக்கீக?"

நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். தோலைத் தட்டில் போடாமல் வழக்கம்போலத் தரையில் போட்டுக்கொண்டே சொன்னீர்கள். "அங்கன நான் வேற ஆளு தாயி. அங்கன வந்து என்னயப் பாத்தா ஒனக்கு அடையாளமே தெரியாது. கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு நெனப்பு இருந்துக்கிட்டே இருக்கணும். கீழ ஒரு தூசி கெடக்கக் கூடாது. ஒண்ணு மேல ஒண்ணு உரசக் கூடாது. வேகமா ஒண்ண வச்சிறக் கூடாது. பொழுதன்னைக்கும் அப்படி இருந்துட்டு வாரேன். இங்கன ஒரு சாமான் கைதவறி விழுந்தா சத்தம் மட்டுந்தான் வருது. அது எம்புட்டு நிம்மதின்னு ஒனக்குத் தெரியாது."

 கீழே கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டப் போனவள் துடைப்பத்தை அப்படியே சாத்திவிட்டேன். அதற்குப் பிறகு இந்த வீட்டின் அலங்கோலத்தைப் பார்த்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கு அது சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அது மூச்சு விடுகிற இடம்.

எனக்கும் சோறு அந்த அலங்கோலத்திலிருந்துதான் வந்தது. லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் கேட்பார்கள், "அக்கா, இந்தக் கலரெல்லாம் எங்க இருந்து புடிக்கிறீக?" என்று. ஏதோ மலைக்குப் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நினைப்பு. கொடியில் காய்ந்ததை நீங்கள் அள்ளிவந்து என் கம்ப்யூட்டர் மேலேயே போடுவீர்கள். மாம்பழக் கலர் ஜாக்கெட்டின் மேல் அண்ணனின் நீலக் கைலி கிடக்கும். அந்த இரண்டையும் சேர்த்து வைக்க எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. ஒரு சீசன் முழுக்கச் சங்குச்சக்கரப் பெட்டிகள் அந்தக் கலரில்தான் வடக்கே போயின.

கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு ஒரு பொம்பளைப் படம் கேட்டபோது, மத்தாப்புக்குப் பதில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்களே! "சீக்கிரம் வரை புள்ள, கொழம்பு அடிப்பிடிக்குது." நான் பார்த்ததைப் பார்த்தபடி போட்டேன். கலரைக் கூட்டு, கன்னத்தைக் குறை என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி சொன்னதையெல்லாம் செய்தேன். லேபிள் அச்சாகி, பெட்டியில் ஒட்டி, சரக்கு லாரி ஏறிய பிறகுதான் ஒருத்தர் கண்டுபிடித்தார், படத்தில் இருப்பவளுக்கு ஒரு காதில் ஜிமிக்கி, மறு காதில் கல் கம்மல். ஜோடி கிடைக்காமல் நீங்கள் அன்றைக்கு அப்படித்தான் போட்டிருந்தீர்கள். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. "ஜோடிக் கம்மல்கூட வரையத் தெரியாதா?" என்று பிரஸ்ஸில் எனக்குச் சரியான டோஸ். நீங்களோ தீபாவளிக்கு அந்தப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினீர்கள். "இந்தா, காதப் பாருங்க, இது நாந்தான்." ஒருத்தரும் நம்பவில்லை.

ஊரே பயந்தது நீங்கள் சத்தத்தில் போய்விடுவீர்களோ என்று. நீங்கள் சத்தமில்லாமல் போனீர்கள். மழைக்குக் கம்பெனியில் லீவு விட்டிருந்த வாரம், சாதாரணக் காய்ச்சல். அது நெஞ்சில் இறங்கி, சிவகாசி, விருதுநகர் என்று தூக்கிக்கொண்டு ஓடியும் நிற்கவில்லை. எந்தத் திசையைப் பார்ப்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். இத்தனை வருசம் காதைத் தீட்டி வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனதே என்று ஆத்திரமாக வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகளும் கோவில்பட்டிக்குப் போனதும், அண்ணன் வீட்டை அடுக்க ஆரம்பித்தார். அவர் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அழக் கூடாதென்று யாரும் சொல்லவுமில்லை, அவருக்கு வரவில்லை. அடுக்கினார். டப்பாக்களை உயர வரிசையில் வைத்தார். உங்கள் சேலைகளை ஒரே அளவில் மடித்தார். சுவரெல்லாம் ஆணி அடித்தார். என் மேசையில் இருந்த தாள், கம்பி, டீ காய்ந்த டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தார். அதுதான் அவர் அழுகிற விதம் என்று தெரிந்ததால் நான் தடுக்கவில்லை.

அன்றோடு எனக்குப் படம் நின்றுபோனது, மதினி.

தை பிறந்ததும் அடுத்த சீசனுக்கு லேபிள் வேலை தொடங்குமே, வழக்கம்போலப் பிரஸ்காரத் தம்பி கூப்பிட்டான். மேலே போய் விரிகிற பேன்சி ரகம், புது அயிட்டம், புதுப் படம் வேண்டும். உட்கார்ந்தேன். மேசை பளிச்சென்று இருந்தது, என் தலையும் அப்படியே இருந்தது. ஒழுங்கு வந்தால் வேலை ஓடும் என்று போனில் ஒரு வீடியோவில் ஒருத்தி சொன்னாள். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டு, வாழ்க்கை மாறும் என்றாள். சுருட்டினேன். நேரம் பிரித்து அட்டவணை எழுதி ஒட்டினேன். அட்டவணையில் கலர் நன்றாக வந்தது, படம் வரவில்லை.

தம்பி நேரிலேயே வந்தான். "அக்கா, இப்பல்லாம் போன்ல நாலு வார்த்தை சொன்னாப் படம் வந்துருது. ஒங்களுக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த வாரத்துக்குள்ள ஒண்ணாவது குடுத்துருங்க. இல்லன்னா தப்பா நெனைச்சுக்கிறாதீக" என்று சொல்லி, போனில் அப்படி வந்த ஒரு மயில் படத்தைக் காட்டினான். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.  இந்த வேலை போனால் பட்டினி கிடக்க மாட்டேன், அண்ணன் சோறு போடுவார். ஆனால் கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு இந்தக் கைதானே எல்லாம்? நீங்களும் போய், படமும் போய்விட்டால் நான் இங்கே எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு லோடு இல்லை. மத்தியானம் டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார். வெறும் மேசையையும் என்னையும் பார்த்தார்.

"ஒண்ணும் ஓடலயாத்தா?"

"ஓடலண்ணே."

"மேசை சுத்தமாத்தான இருக்கு?"

"அதாண்ணே ஓடல."

சொல்லியிருக்கக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் டீயைக் குடிக்காமல் வீட்டைச் சுற்றிலும் பார்த்தார். "எனக்கும் உள்ள வந்தா லாட்ஜுல ரூம் போட்டுத் தங்குன மாதிரித்தான் இருக்கு" என்றார். "நானே அடுக்கிட்டு நானே சொல்றேன் பாரு."

டம்ளரை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தார். உங்கள் அரக்குச் சேலையை, அந்த மஞ்சள் பார்டர் வைத்தது, எடுத்துவந்து நாற்காலியில் வைத்தார். மடிப்புக் கலையாமல்.

"மதினி அப்படியா வைப்பாக?" என்றேன்.

ஒரு மடிப்பைப் பிரித்துச் சாய்மானத்தில் தொங்கவிட்டார். கை தானாகச் சுருக்கத்தை நீவியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"எறிங்கண்ணே."

"எப்படி எறிய?"

"எறியத் தெரியாதா?"

"எறிஞ்சது இல்லயே தாயி."

பிறகு என்ன தோன்றியதோ, சேலையைச் சுருட்டி, பலத்தையெல்லாம் கூட்டி மேலே எறிந்துவிட்டார். அது ஓடுகிற ஃபேனுக்குச் சற்றுக் கீழே போய், காற்றில் விரிந்து, அரக்கும் மஞ்சளுமாக அறை அகலத்துக்கு இறங்கியது. அது தரையைத் தொடுமுன்பே அண்ணன் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுசன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். அழுதுகொண்டே, அந்தச் சேலை இறங்கியதை மறந்துவிடக் கூடாது, மறந்துவிடக் கூடாது என்று எனக்குள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் வெட்கப்பட விட்டிருக்க மாட்டீர்கள்.

அன்று சாயங்காலமே வரைந்துவிட்டேன். கறுப்பு வானம், மேலிருந்து அரக்கும் மஞ்சளும் மடிப்பு மடிப்பாக இறங்குகிறது, வேறொன்றும் இல்லை. தம்பி வந்து பார்த்தான். "இது எங்க இருந்துக்கா புடிச்சீக?" என்றான். "வீட்டுல கெடந்துச்சு" என்றேன். படம் அச்சுக்குப் போகிறது.

ஒழுங்காக இருக்க நான் இனியும் முயல்வேன், மதினி. தோற்கவும் செய்வேன். ஆனால் தோற்றதற்காக முன்போல என்னையே வைதுகொள்ள மாட்டேன். பயமில்லாமல் கையைக் காலை நீட்டிக் கிடக்க ஒரு வீடு வேண்டும் என்பதை உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அது இருந்தால்தான் எனக்குப் படம் வருகிறது. இந்த ஒன்றை மட்டும் எங்கேயும் தொலைக்காமல் வைத்திருக்கிறேன்.

சேலை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அண்ணன் அதை மிதிக்காமல், எடுக்காமல், சுற்றிக்கொண்டு நடக்கிறார்.