ஆடி முடியட்டும் என்று வைத்த கவர்

வேங்கிக்கால்,
30-8-1996.

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தம்பி அன்பரசன் மூன்று பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இப்போதைக்குப் பதில் போடமாட்டாய், தெரியும், இருந்தாலும் கேட்கிறேன், கேட்காமல் இருக்க என்னால் முடியாது. தங்கம்மாள் டீச்சர் வீட்டுப் போனில் நீ புனேவிலிருந்து பேசி இன்றோடு எட்டு நாளாகிறது. "என் பேட்டையும் எடுத்து சாமி அலமாரியில வெச்சுக்கோம்மா, நான் இனிமே ஆடல, செகந்திராபாத்துக்கே திரும்பிப் போறேன்"னு சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், டீச்சர் காபியோடு நிற்கிறார். பக்கத்து வீட்டில் நின்று அழக்கூடாது என்று காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் அழுதேன். எனக்கும் கோபம் வரும் மணி, உனக்கு வருகிற கோபமெல்லாம் என்னிடமிருந்து வந்ததுதான். ஆனால் இந்தத் தடவை தப்பு என்னுடையது, அதனால் நானே முதலில் எழுதுகிறேன்.

புதன்கிழமை பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் எப்போதையும்விட ஜாஸ்தி. வெளியூர் பஸ்ஸையெல்லாம் நம் கலெக்டர் ஆபீஸ் பக்கமே நிறுத்திவிட்டார்கள், நம் வாசலில் தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு மொண்டு கொடுத்தே என் கை ஓய்ந்துபோயிற்று. அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, ஆனால் ஆபீசில் பழைய ரெக்கார்டு கட்டுகளை எல்லாம் ஒழுங்கு பண்ணச் சொல்லியிருக்கிறார்களாம், வரும்போது தலை முழுக்கத் தூசியோடு வருகிறார். கீழ்பென்னாத்தூரில் உன் மாமா நிலக்கடலை பிடுங்கிவிட்டார், ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார், காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. அன்பரசன் பாலிடெக்னிக்கில் ஒரு பேப்பரில் ஃபெயிலாகிவிட்டான், கேட்டால் அக்கா வந்தால் கணக்கு சொல்லிக்கொடுப்பாள் என்கிறான். நீ அவனுக்கு நாலு வரி திட்டி எழுது, நான் திட்டினால் சிரிக்கிறான்.

இப்போது அந்தக் கவர் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை, கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, படி. ஆடி பதினாலாம் தேதி மத்தியானம் தபால்காரர் ஆதிமூலம் கொண்டுவந்து கொடுத்தார். "புனேவுல இருந்து உங்க பொண்ணு பேருக்கு வந்துருக்குதுமா, கவரு கனமா கீது, பெரிய எடம் போல"ன்னார். அந்தக் காலத்தில் நீ ஃபாரத்தில் எழுதிக்கொடுத்த நம் வீட்டு விலாசத்துக்கே இன்னும் அனுப்புகிறார்கள். இங்கிலீஷில் உன் பெயரை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும், தடவிப் பார்த்தேன், நாலைந்து தாள் இருக்கும்போல இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு தாள் போதுமே, இது நல்ல சேதிதான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் பிரிக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாடு கிரிக்கெட் டீம் கடிதம் ஆடியில் வந்தது, வாசலிலேயே நின்று பிரித்தாய், உன் பெயர் இல்லை. ரயில்வே ஆர்டர் தையில் வந்தது, நல்ல நேரம் பார்த்து விளக்கு ஏற்றிப் பிரித்தோம், செகந்திராபாத்தில் வேலை கிடைத்தது. என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் சொல்லு. கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் உடனே பிரித்துவிடுவார்.

இதற்கு நடுவில்தான் உன் கார்டு வந்தது. "இந்த வருஷமும் இந்தியா டீம் முகாமுக்குக் கூப்பிடவில்லை அம்மா, மற்றவர்களுக்கெல்லாம் வந்துவிட்டதாம், இருபத்துநாலு வயதாகிறது, இனி ஆபீசில் ஃபைல் தூக்கிப் பிழைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். அசடே, இன்னும் பத்து நாள் பொறு, ஆவணி ஒன்றாம் தேதி அம்மா உனக்கு என்ன வைத்திருக்கிறேன் பார் என்று சாமி அலமாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நீ அங்கே அழுதுகொண்டிருந்திருக்கிறாய். மற்றதையெல்லாம் நான் வாதாடி ஜெயித்துவிடுவேன், இந்த ஒன்றுக்கு மட்டும் நீ என்னை மன்னிக்கத்தான் வேண்டும்.

ஆவணி பிறந்த அன்று காலையில் தலைக்குக் குளித்து, கேசரி கிண்டி, விளக்கேற்றி, அப்பாவைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துக் கவரைக் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். "ஏண்டி, இது எப்ப வந்துச்சு"ன்னு கேட்டார். சொன்னேன். ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதியே வந்து சேரவேண்டும் என்று போட்டிருந்ததாம், அன்றைக்குப் பதினேழு. உன் அப்பா என்னை இத்தனை வருஷத்தில் சத்தம் போட்டுத் திட்டியதில்லை, அன்றும் திட்டவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டே "கவரை ஒட்டுனப்பவே உள்ள இருக்கிறது முடிஞ்சுபோன சமாச்சாரம் கஸ்தூரி, அதுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா"ன்னார். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை ஒரு பதினெட்டு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். எஸ்டிடி பூத்துக்கு ஓடினார், முட்டிவலிக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. உன் ஆபீசுக்கும் புனேவுக்கும் மாறி மாறிப் பேசினார். கேசரியை யாரும் தொடவில்லை, சாயங்காலம் அன்பரசன்தான் தின்றான்.

புனே முகாமை நடத்துகிற அம்மையார் உன் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று, வேண்டுமானால் வந்து கூட்டத்தோடு பயிற்சி எடுக்கட்டும் என்று சொன்னாரே, அதுவே பெரிது என்று அப்பா சொல்கிறார். நீயும் புனே போய்ச் சேர்ந்தாய். எல்லோரும் ஆடி முடித்து வெளிச்சம் கம்மியான பிறகு உனக்குப் பத்துப் பந்து போடுகிறார்கள், மற்ற நேரமெல்லாம் பந்து பொறுக்கிப் போடுகிறேன் என்று சொன்னாய். சரி, பொறுக்கு. வேங்கிக்கால் ஏரி வற்றிக் கிடந்தபோது அன்பரசன் கூட்டம் உன்னைப் பந்து பொறுக்கத்தானே முதலில் சேர்த்துக்கொண்டது. பிறகு பேட்டை உன் கையிலிருந்து வாங்க முடியாமல் அத்தனை பேரும் நம் வீட்டுக்கு வந்து என்னிடம் முறையிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா. போன வருஷம் ரயில்வே போட்டியில் நூற்றேழு அடித்தாய், பேப்பரில் நாலு வரி வந்தது, அதை அப்பா ஆபீசில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், கலெக்டரே குனிந்து படித்தாராம். அந்த நூற்றேழை அடித்தது நீதான், நல்ல நேரம் அடிக்கவில்லை. ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை நடக்கும் கடைசி மாட்சைப் பார்த்துத்தான் டீம் எடுப்பார்கள் என்றும், அதில் ஆடவேண்டிய ஒரு பெண்ணுக்கு விரலில் அடிபட்டிருப்பதால் உன்னையும் இறக்கினாலும் இறக்குவார்கள் என்றும் அம்மையார் அப்பாவிடம் திரும்பவும் பேசும்போது சொன்னாராம். அதற்குள் நீ மூட்டை கட்டிவிட்டால் தப்பு என்னுடையதில்லை, உன்னுடையது.

இன்னொன்று. இது அப்பாவுக்குக்கூட முந்தாநாள்தான் தெரியும். அம்மாவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது, ஒரு தடவைக்கு மேல் பார்க்க வந்ததில்லை என்று உன் சிநேகிதிகளிடம் சொல்வாயாமே, அன்பரசன் சொன்னான். அந்த ஒரு தடவை வேலூரில் நடந்தது. எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்து வேலி ஓரம் உட்கார்ந்தேன். வெள்ளைப் பேண்ட் போட்டு, பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீ நடந்து போனபோது, இது என் வயிற்றில் பிறந்ததா என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. வாய்விட்டு "எவ்ளோ அழகா போறா பாரு"ன்னு சொல்லிவிட்டேன். முதல் பந்திலேயே அவுட். என் கண்தான் பட்டது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஆடுகிற நாளில் அந்தத் திசையைக்கூடப் பார்த்ததில்லை, மறுநாள் ரிசல்ட் மட்டும் கேட்டுக்கொள்வேன். பிடிக்காமல் வராமல் இருந்தேன் என்று நினைத்தாயே, வரவேண்டும் என்று ஐந்து வருஷமாக எனக்கு எத்தனை ஆசை தெரியுமா.

அதனால் கேள், நான் வருகிறேன். ஆமாம், புனேவுக்கு. அப்பாவுக்கு லீவு இல்லை, மெட்ராஸில் வண்டி ஏற்றி விடுவார், லேடீஸ் பெட்டியில் நான் மட்டும் வருகிறேன். வேலூரைத் தாண்டாதவள் தனியாகப் போவதா என்று கேட்டார், டிக்கெட்டைக் காட்டினேன். புதன்கிழமை புறப்படுகிறேன். அன்றைக்கு அஷ்டமி, வடக்கே சூலம் வேறு. தங்கம்மாள் டீச்சர்கூட வியாழக்கிழமை கிளம்பலாமே என்றார், வியாழக்கிழமை கிளம்பினால் மாட்ச் முடிந்துதான் வந்து சேர்வேன். சூலத்துக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுக் கிளம்புவேன், அதற்கு மேல் எதுவும் பார்க்கப்போவதில்லை. வியாழன் சாயங்காலம் வண்டி புனேவுக்கு வரும். எனக்கு இந்தி தெரியாது, இங்கிலீஷில் உன் பெயர் மட்டும்தான் தெரியும். நீ கோபித்துக்கொண்டு செகந்திராபாத் போயிருந்தால், ஒரு பையும் கடலை உருண்டை டப்பாவுமாக அந்த பிளாட்பாரத்தில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பேன், நன்றாக யோசித்துக்கொள்.

எண்ணெய் தேய்த்துக் குளி. தலைக்குப் போடுகிற அந்தக் கவசம் இல்லாமல் இறங்காதே. அண்ணாமலையாரும் உண்ணாமலை அம்மனும் உன் கைக்கும் காலுக்கும் பலம் கொடுக்கட்டும், தீர்க்காயுசாக இரு. அப்பாவும் தம்பியும் ஆசியும் அன்பும் சொல்லச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு வர மறக்காதே. மாட்சில் உன்னை இறக்கினால் பார்க்கிறேன், இறக்காவிட்டால் நீ பந்து பொறுக்குவதைப் பார்க்கிறேன். முதல் பந்திலேயே அவுட்டானாலும் சரி, இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொள்ளப்போவதில்லை.

உன் அம்மா,
ச. கஸ்தூரி