இல்லாத ஆட்டுக்குத் தழை

அக்கா,

கதவுக்குப் பின்னால் ஆணியில் உன் பை தொங்குகிறது. அரிசிச் சாக்கை வெட்டி, நீயே காது வைத்துத் தைத்த பை. நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாதமாக நான் தொடவில்லை. இன்று காலை எடுத்து உதறினேன். முள்ளங்கித் தழை வாசம் இன்னும் போகவில்லை. அடியில் காய்ந்த இலை இரண்டு இருந்தது.

எடுக்க வேண்டியதாகிவிட்டது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தையில் நாள் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் ரொம்பக் கம்மி என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உனக்குச் சொன்ன அதே பேச்சுதான். கீரை நிறையச் சாப்பிடணும், மாத்திரையை விடக்கூடாது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது.

உனக்கு அப்படிச் சொன்ன அன்று நாம் இரண்டு பேரும் பிம்ப்ரி மார்க்கெட் வழியாகத்தான் வந்தோம். மாதுளம்பழ வண்டியை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெந்தயக்கீரைக் கட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தாய். "இதை வதக்கினா ஒரு கரண்டி வரும். வீட்டுல நாலு பேர். எனக்கு வாசனைதான் மிஞ்சும்" என்று வைத்துவிட்டாய். அடுத்த கடையில் முள்ளங்கி வாங்கிய ஒரு அம்மா, இலையைத் திருகிக் கீழே போட்டுவிட்டுப் போனாள். கடைக்காரன் காலடியில் அப்படி ஒரு குவியல். காலிஃபிளவர் மட்டை, பீட்ரூட் தழை, எல்லாம் பச்சைப்பசேல் என்று கிடந்தது. நீ குனிந்து அள்ளினாய்.

"பக்ரிக்கா, தாயி?" என்று அவன் கேட்டான். ஆட்டுக்கா அக்கா என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ தலையை ஆட்டிவிட்டாய்.

வெளியே வந்து உன்னைக் கேட்டேன். "நாம திங்கன்னு சொன்னா என்ன? பிடுங்கிக்கவா போறான்?"

"பிடுங்க மாட்டாண்டி. பாவம்னு பார்ப்பான். அப்புறம் அந்தப் பக்கம் எப்படிப் போறது? ஆட்டுக்குன்னா கௌரவம்."

மூன்றாவது மாடியில், கட்டில் போட்டால் கதவு திறக்காத உன் வீட்டில் ஆடு. சனிக்கிழமை சனிக்கிழமை போனோம். மண் போக மூன்று தண்ணீரில் அலசுவோம். முள்ளங்கித் தழையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு நீ கூட்டு வைப்பாய். காலிஃபிளவர் மட்டையை நார் உரித்து, வேர்க்கடலைப் பொடி தூவிப் பொரியல். இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழிவாய், நர்ஸ் சொன்னாள் என்று. உன் வீட்டுக்காரர் "இன்னைக்கும் ஆட்டுத் தீனியா?" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார்.

கடைக்காரன் ஆட்டை விசாரிப்பான். முட்டுது, கயித்தை அறுக்குது, பக்கத்து வீட்டுத் துணியைத் தின்னுடுச்சு என்று நீயும் வாரம் ஒன்றாகச் சொல்லிவந்தாய். ஒருநாள் இரண்டு குட்டி போட்டிருக்கு என்று சொல்லிவிட்டாய். மறு வாரம் அவன், "ஒரு குட்டியை எனக்கு விலைக்குக் குடு, தாயி" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அசரவில்லை.

"ரெண்டையும் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிட்டேனே அண்ணா. முன்னாடியே கேக்கக்கூடாதா?"

பஸ் ஸ்டாப்பில் சிரித்துச் சிரித்து உனக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் இல்லாததால்தான் அப்படி வாங்குகிறது என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் ரத்தம் ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். "ஆட்டுத் தீனி" என்று தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அப்புறம் பிள்ளையார் சதுர்த்திக்குக் கணபதி வைத்த வாரத்தில் உனக்கு நெஞ்சு நின்றுபோனது. அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. கேட்டுக்கொண்டேன்.

இத்தனை நாள் அந்தக் கடைக்குப் போகாததற்குக் காரணம், அவன் கேட்பான் என்பதுதான். வேறு கடைக்குப் போகலாம். அங்கே முதலிலிருந்து ஒரு ஆட்டை உண்டாக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ ஊருக்குப் போய்விட்டாய் என்று சொல்லலாம் என்று இன்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அப்படியென்றால் தழை யாருக்கு என்று கேட்பானே. பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குக் கீழே கிடப்பதைச் சமைத்துப் போடுகிறேன் என்று எப்படிச் சொல்ல?

அவன் முதலில் பையைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான்.

"பெரிய தாயி எங்கே?"

"செத்துட்டா" என்றேன். இந்தியில் அதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

தராசில் இருந்த காயை அவன் கீழே வைத்தான். பக்கத்தில் யாரோ தக்காளி விலை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"ஆடு?" என்றான் கடைசியில்.

"என்கிட்ட இருக்கு. சினையா இருக்கு."

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. அவன் குவியல் பக்கம் போகவில்லை. கூடையில் இருந்த முள்ளங்கியிலேயே இளசாகப் பார்த்துத் தழையைத் திருகி, பழுப்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பையில் வைத்தான். மேலே, நசுங்காமல் ஒரு கட்டு வெந்தயக்கீரை.

பருப்பு இப்போது வெந்துகொண்டிருக்கிறது. மகள் எட்டிப் பார்த்து, "இது என்னம்மா பாஜி?" என்றாள். பெரியம்மா கீரை என்று சொன்னேன். எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருக்கிறேன். டீத்தூள் டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றியாயிற்று.

பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். இனி சனிக்கிழமை சனிக்கிழமை அவன் கேட்பான், நான்தான் பதில் சொல்ல வேண்டும். உன்னைப் போல வாய் எனக்கு இல்லை. ஆனாலும், நான் கிளம்பும்போது குட்டி எப்போது போடும் என்று கேட்டான். சங்கராந்தி வாக்கில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.