கேட்டுத் தீர்ந்த பாட்டுகள்

நம் மகளின் அப்பாவுக்கு வணக்கம். ஆண்டவன் அருளால் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

நேற்று நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் பாட்டுப் போடும் முறை எனக்கு வந்தது. பக்திப் பாட்டு, பிறகு தவில், அதன்பின் கிடார் அலறல் போட்டேன். "அக்கா, உனக்குள்ள எத்தனை பேரு குடியிருக்காங்க?" என்று இஸ்திரிக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன், கால் வீக்கம் மறந்துபோனது.

மகள் அனுப்பிய நாற்பத்திரண்டு பாட்டையும் தடவைக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக் கேட்கிறேன். எல்லாமே நூறு தடவை தாண்டிவிட்டது. பாடகர் பாடுவதற்கு முன்பே அடுத்த வரி என் மனதில் வந்துவிடுவதால், துணைக்கு ஆள் இருப்பதுபோலவே இல்லை. எந்த வகையானாலும் சரி, புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.

கூடவே, காலையில் விளக்கேற்றி நீங்கள் பாடுவதையும் பதிவு செய்யுங்கள். இருபது வருடம் கேட்டும், உங்கள் அடுத்த வரி எந்தச் சுருதிக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

வேலை மணி அடிக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி