கிளாசைப் பொத்திய கை

வெக்ஸ்போர்ட்,
ரொறன்ரோ.

அன்பு மகள் ஏஞ்சலாவுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் நீ போனை எடுத்தால்தானே. அடிலெய்டில் உன்னிடம் நின்றுவிட்டு நாங்கள் இங்கே வந்து இறங்கிய அன்று, என் கலியாணத்துக்கு நீங்கள் வரத் தேவையில்லை என்று ஒரு மெசேஜ் போட்டாய், அதோடு சரி. தம்பி றொய்சன் அஜக்ஸுக்கு வீடு மாறப் போகிறான், அதைக்கூட உனக்குச் சொல்ல வழியில்லை. அதனால்தான் பேனையை எடுத்தேன், கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா.

உன் கோபம் எனக்கு விளங்குகிறது. கிளெனெல்க் கடற்கரையில் நீ கட்டப்போகிற மத்தியூவோடு ஐஸ்கிறீம் குடித்துச் சிரித்துத் திரிந்த மனிசன், மறுநாள் பரோசாவில் மத்தியூ வீட்டாருடைய திராட்சைத் தோட்டத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் எரியாது. மத்தியூ பிறந்த வருடம் நட்ட கொடியின் வைன் என்று, சம்பந்திகள் சேர்ந்து குடிக்க வேண்டுமென்று, அவனுடைய தகப்பன் எவ்வளவு ஆசையாய் ஊற்ற வந்தார். உன் அப்பா கிளாசைக் கையால் பொத்திக்கொண்டார். நீ மத்தியூவின் முகத்தைப் பார்த்தாய், நான் உன் முகத்தைப் பார்த்தேன். காரில் வரும்போது, அவனைப் பிடிக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கோவன் அப்பா என்று கேட்டாய். எனக்குப் பிறஷர் பிள்ளை என்றார். உப்புச் சீஸை அள்ளி அள்ளிச் சாப்பிட்டவருக்கு என்ன பிறஷர் என்று நீ கத்தியதும் சரிதான். அவருக்குப் பிறஷர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

இதை உனக்குச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியவர். நீ சின்னப் பிள்ளையாய் மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டொக்டரும் இனித் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். அப்பா அந்த விறாந்தையிலேயே முழந்தாளிட்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார், பிள்ளை எழும்பினால் சாகும்வரை குடிவகை தொடமாட்டேன் என்று. அதுவரை அவர் குடிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. நீ எழும்பினாய். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும் வேரோனி, என்னாலைதான் அப்பா விட்டவர் எண்டு அவள் பாரம் சுமக்கக் கூடாது என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் பிறஷர்தான்.

மத்தியூவைப் பிடிக்காமலா, அவனுடைய தகப்பன் பேப்பரில் சுற்றித் தந்த வைன் போத்தலைத் தன் ஸ்வெற்றருக்குள் பொதிந்து இங்கே வரைக்கும் கொண்டுவந்தவர். போன ஞாயிறு அதை மாதா கோவிலுக்குக் கொண்டுபோய், பூசைக்கு இதைப் பாவியுங்கோ சுவாமி என்று கெஞ்சினார். சுவாமியும் சம்மதித்து, உன் பெயரையும் மத்தியூவின் பெயரையும் வாசித்துப் பூசை ஒப்புக்கொடுத்தார். கிண்ணத்தை உயர்த்தியபோது அப்பா குனிந்து அழுதார், எனக்கும் தாங்கவில்லை.

வேலையால் வந்தால் போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், சோறு ஆறிப்போகிறது. நீ பேசாவிட்டால் இந்த மனிசன் வாய் திறவாமலே போய்விடுவார், அதுதான் என் பயம். இந்தக் கடிதம் கிடைத்ததும் எடு பிள்ளை.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நான் சொன்னதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. கலியாண வீட்டில் யாராவது அவரிடம் கிளாஸ் நீட்டினால், அப்பாவுக்குப் பிறஷர் என்று நீயே முந்திச் சொல்லிவிடு.

உன் அம்மா,
வேரோனிக்கா