இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலை

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டின் ஆஸ்தான வாலு எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனா ஸ்டார்ட் ஆகவில்லை. நம் வேனும் ஆகவில்லை. இன்றோடு பதினெட்டு நாள்.

இதைப் போனில் சொல்லவோ எழுதவோ முடியாது; வீட்டுக்கே ஒரே போன், அதுவும் அம்மாவுடையது. நம் வீட்டில் இருப்பது இரண்டு அறை; மூன்றாவது அறை அம்மாவின் காது. அதனால்தான் எதிர்வீட்டு லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் உறையைப் பிரித்தால் அவர் ஹாரன் இனிமேல் பூனை மாதிரிதான் கத்தும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைத் தெரிந்தவர், பிரிக்க மாட்டார்.

வேனைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அதுதான் மூத்த பிள்ளை, நீ இரண்டாவது, நான் இலவச இணைப்பு. பக்கக் கதவை இடுப்பால் இடித்தால்தான் இன்னும் திறக்கிறது. சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே சாவி போட வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை, வேனுக்குத் துருக்கறை. இருவருமே மருந்து என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஞாயிறுதோறும் அப்பா அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வதும், அம்மா வெளியே தெரியும் கால்களோடு பேசிக்கொண்டிருப்பதும் மாறவில்லை. திங்கள் காலையில் ஒன்பது வாண்டுகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவார். “இந்தத் தகர டப்பாவையே கட்டிக்கிட்டு அழுங்க”ன்னு நீ கத்திவிட்டுப் போன பிறகும், இந்தப் பதினெட்டு நாளுக்கு முன்பு வரை, ஒரு நாள் லீவு போட்டதில்லை.

இனி நான் செய்தது. படித்துவிட்டு என்னை வெறுக்க வேண்டுமானால் வெறுத்துக்கொள். ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டு வெறு.

போன மாதம் ஒரு காலையில் அப்பாவின் வலது ஷூவுக்குள் ஒரு சோடா மூடியைப் போட்டு வைத்தேன், பல் பல்லாக இருக்கும் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி. அவர் காலை வைப்பார், ஒரு குதி குதிப்பார், “வாலே!”ன்னு துரத்துவார், நான் ஓடுவேன். எல்லாம் கணக்குப் போட்டு வாசலில் ரெடியாக நின்றேன். அவர் ஷூவை மாட்டினார், கயிறு கட்டினார், “என்னடி ஓட்டப்பந்தயமா?”ன்னு கேட்டுவிட்டு நடந்து போய் வேனில் ஏறினார். எனக்கே அல்வா கொடுக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மாலையில் திரும்பி வந்து கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். மூடி பாதத்தில் பதிந்து கிடந்தது. அவர் அதைப் பார்ப்பதற்குள் பிடுங்கி ஒளித்துவிட்டேன். “எப்ப குத்துச்சுன்னே தெரியலையே, ஆணி கீணி இருந்திருக்கும்”ன்னார். அவருக்குத் துளியும் வலிக்கவில்லை, அண்ணா. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது. வலது கால். பிரேக் மிதிக்கிற கால். அந்தக் காலோடுதான் ஒன்பது குழந்தைகளையும் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்.

அன்று முதல் வேன் கிளம்பினால், அது திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்பேன். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு என்ஜினில் தீப்பொறி வரவைக்கும் அந்த விரலளவு கண்டென்சரைக் கழற்றிவிட்டு, அப்பா பழைய சாமான் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவில் கிடந்த செத்துப்போன ஒன்றை மாட்டினேன். ஒரே ஒரு ஸ்க்ரூதானே, அவரே எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை. வண்டி படுத்துவிட்டது. வாண்டுகளை அவரவர் அப்பா அம்மாவே கொண்டுபோய் விடுகிறார்கள்.

அப்பா தினமும் காலையில் என்ஜின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கார்புரேட்டரைப் பிரிக்கிறார், துடைக்கிறார், மாட்டுகிறார், மறுபடி பிரிக்கிறார். புண் ஆறவில்லை. கட்டு மேல் கட்டாகப் போட்டுக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா அழுதால், “முதல்ல வண்டி சரியாகட்டும், அதுலயே போயிடலாம்”னு சொல்லி வாயை அடைத்துவிடுகிறார். நான் செய்த வேலையே அவருக்குச் சாக்காகப் போய்விட்டது.

நேற்று முடியவில்லை எனக்கு. அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா காபி குடிக்க உள்ளே போன நேரத்தில் நல்ல கண்டென்சரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. என்ன சத்தம், அண்ணா! அப்பா நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. கை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். அவரே குனிந்து அந்த நல்ல கண்டென்சரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செத்த சாமான் எல்லாவற்றிலும் அரத்தால் ஒரு பெருக்கல் குறி கீறிவிட்டுத்தான் டப்பாவில் போடுவார் அல்லவா, நான் முதலில் மாட்டிய செத்ததிலும் அது இருந்தது. முதல் நாளே பார்த்திருக்கிறார். பதினேழு நாளும் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அம்மா கேட்டா, இன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிடும்மா.”

வாலு என்று கூப்பிடவில்லை. ‘ம்மா’ என்றார்.

இன்று காலை கட்டு மாற்றும்போது பார்த்தேன். ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் நம் வேனின் டயர் நிறத்தில் இருக்கின்றன. ஒளித்துப் போட்டோ எடுத்துத் தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். எப்போதும் என்னைப் பார்த்தால் சிரிப்பவர், சிரிக்கவில்லை. “விரல் போனது போனதுதான். இன்னும் ஒரு வாரம் தள்ளினா விரலோட நிக்காதும்மா”ன்னு சொன்னார். அப்பாவிடம் சொன்னேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வண்டி ஓடினால் அந்த மரத்த காலோடு ஓட்ட வேண்டும், இல்லை சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போய் விரலை வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் கால் இல்லை. அதனால் ரிப்பேர் செய்துகொண்டே இருக்கிறார்.

சோடா மூடியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அதுவும் தெரிந்திருக்குமோ என்று நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

லாரிக்காரர் இதை உன்னிடம் கொடுக்கும் அன்று மாலையே ஊர் திரும்புகிறார். முன் சீட்டில் உனக்கு இடம் சொல்லியிருக்கிறேன். உன் மானேஜரிடம் என்ன பொய் சொல்ல வேண்டுமோ எழுதி அனுப்பட்டுமா? அதில் மட்டும் நான் கெட்டி. இங்கே என் பேச்சும் அம்மா பேச்சும் எடுபடவில்லை. உன்னோடு சண்டை போடுவதற்காகவாவது அவர் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருப்பார்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும்போது எப்போதும் போலக் கோபமாகவே வா, அண்ணா. கத்து, தகர டப்பா என்று திட்டு. தயவுசெய்து அவர் கையைப் பிடித்து மெதுவாக மட்டும் பேசிவிடாதே. நீயே அன்பாகப் பேசினால், எவ்வளவு முற்றிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை விளையாடாத
உன் தங்கை